‘வில்’ போட்டால் போதுமா? ஆங்கில எதிர்காலத்தில் வரும் கோளாறுகளும் சரிசெய்யும் முறையும்

வேலூர் சத்துவாச்சாரியில் ஆங்கில மாலை வகுப்புக்கு என்னிடம் வருகிறவர்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். மருத்துவமனையில் வேலை பார்க்கும் சிஸ்டர்கள், ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர் பக்கத்துத் தோல் கம்பெனிகளின் எக்ஸ்போர்ட் பிரிவு ஆட்கள், கடைசி வருட எஞ்சினியரிங் பிள்ளைகள். மூவருக்கும் எதிர்காலம் பிரச்சினைதான். ஜாதகத்து எதிர்காலத்தைச் சொல்லவில்லை, இலக்கணத்து எதிர்காலத்தைச் சொல்கிறேன். ‘வில்’ ஒன்றைக் கற்றுக்கொண்டு எல்லா இடத்திலும் அதையே போட்டுவிடுகிறார்கள். அது எங்கெங்கே இடிக்கிறது, எப்படிச் சரிசெய்வது என்று கீழே எழுதியிருக்கிறேன். முழுதும் படிக்க வேண்டியதில்லை. உங்கள் கோளாறு எதுவோ அந்தத் தலைப்புக்குப் போங்கள்.

அதற்கு முன்னால் எல்லாக் கோளாறுக்கும் பொதுவாக மூன்று கேள்விகள். இதை எப்போது முடிவு செய்தோம்? இன்னொருவரிடம் பேசி வைத்தாயிற்றா? இது நம் கையில் இருக்கிற விஷயமா? “இன்னும் எத்தனை நாள் இருக்கிறது” என்ற கேள்வியைத் தொடவே வேண்டாம். நாளைக்கு நடப்பதற்கும் பத்து வருஷம் கழித்து நடப்பதற்கும் ஆங்கிலம் தனித்தனி வடிவம் வைத்திருக்கவில்லை.

கோளாறு 1: முன்பே முடிவான விஷயம், இப்போதுதான் தோன்றியது போல் கேட்கிறது

இன்டர்வியூவில் “வாட் ஆர் யுவர் பிளான்ஸ் ஆஃப்டர் காலேஜ்?” என்று கேட்கிறார்கள். பையன் “ஐ வில் டூ அன் எம்பிஏ” என்கிறான். இலக்கணப்படி தப்பு இல்லை. ஆனால் கேட்பவர் காதில், அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகு எடுத்த முடிவு போல விழுகிறது. அடுத்த கேள்வியே “ஆர் யூ ஷ்யூர்?” என்று வரும். பையனுக்கு ஏன் இப்படிக் கேட்கிறார்கள் என்று புரியாது.

முதல் காரணம், வேறு வடிவம் நாக்கில் வரவில்லை என்பதுதான். சோதனை சுலபம். தமிழில் அந்த வாக்கியத்துக்கு முன்னால் “சரி, அப்படின்னா” என்று சேர்த்துப் பாருங்கள். போன் அடிக்கிறது: “சரி, நான் எடுக்கிறேன்.” பொருந்துகிறது, ஆகவே “ஐ’ல் கெட் இட்.” எம்பிஏவுக்கு “சரி, அப்படின்னா நான் எம்பிஏ படிக்கிறேன்” என்றால் சிரிப்பு வரும். அங்கே “முன்பே முடிவு பண்ணிட்டேன்” என்பதுதான் பொருந்தும். அப்போது “ஐ ஆம் கோயிங் டு டூ அன் எம்பிஏ.”

இரண்டாவது காரணம், முடிவையும் ஏற்பாட்டையும் பிரிக்காமல் விடுவது. சீட் கிடைத்து, ஃபீஸ் கட்டி, ஜூலையில் வகுப்பு என்றால் “ஐ ஆம் ஸ்டார்டிங் அன் எம்பிஏ இன் ஜூலை.” இதற்கான சோதனை: நீங்கள் போகாவிட்டால் இன்னொருவர் “ஏன் வரவில்லை” என்று போன் பண்ணுவாரா? பண்ணுவார் என்றால் ‘-இங்’ போடுங்கள். டாக்டர் அப்பாயின்ட்மென்ட், ரிசர்வ் செய்த டிக்கெட், மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்த கல்யாணம் எல்லாம் இந்த வகை. “மை சிஸ்டர் இஸ் கெட்டிங் மேரிட் இன் தை” என்று ஒரு பெண் சொன்னாள். மாதப் பெயரைத் தவிர வாக்கியம் பழுதில்லை.

முடிவே ஆகவில்லை, ஆசை மட்டும்தான் என்றால் அதை மறைக்க வேண்டாம். “ஐ’ட் லைக் டு டூ அன் எம்பிஏ” என்றால் யாரும் மார்க் குறைக்க மாட்டார்கள்.

மூன்றாவது காரணம்தான் செலவு பிடிப்பது. விதி தெரியும், வாய் மட்டும் ‘வில்’ என்றே போகும். இதற்குப் புத்தகம் உதவாது. ராத்திரி படுக்கும் முன் நாளைக்குச் செய்யப்போவதை ஐந்து நிமிஷம் வாய்விட்டுச் சொல்லுங்கள், அந்த ஐந்து நிமிஷமும் ‘வில்’லுக்குத் தடை. சில வாரங்கள் பிடிக்கும். வீட்டில் கேலி செய்வார்கள், பரவாயில்லை.

இதே கோளாறு தலைகீழாகவும் வருவதுண்டு. ‘கோயிங் டு’ கற்றுக்கொண்ட உற்சாகத்தில், தண்ணீர் எட்டாமல் தவிக்கும் நோயாளியிடம் “ஐ ஆம் கோயிங் டு ஹெல்ப் யூ” என்றால், காலையிலேயே திட்டம் போட்டு வந்தது போல இருக்கும். உதவுகிறேன் என்று அந்த நிமிஷம் முன்வருவதற்கு ‘வில்’தான்: “ஐ’ல் கெட் இட் ஃபார் யூ.”

கோளாறு 2: தேதி சொல்லி மெயில் போட்டும், “இஃப் வாட்?” என்று பதில் வருகிறது

எங்கள் பக்கத்தில் அதிகம் வரும் கோளாறு இது. பணம் சம்பந்தப்பட்டது என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

தோல் ஏற்றுமதி செய்யும் ஒரு ஆபீஸ். இத்தாலியில் இருக்கும் பையர், டெலிவரி தேதியை உறுதிப்படுத்தச் சொல்லிக் கேட்கிறார். இங்கிருந்து போன பதில்: “வி வுட் பி டிஸ்பாச்சிங் த கூட்ஸ் ஆன் ஃப்ரைடே.” அனுப்பியவர் மனதில் இது மரியாதையான, உறுதியான பதில். படித்தவருக்கோ இது பாதி வாக்கியம். எது நடந்தால் வெள்ளிக்கிழமை அனுப்புவீர்கள்? பணம் வந்தாலா, கிரஸ்ட்டில், அதாவது பதனிட்டு உலர்த்திய தோலில், ஃபினிஷிங் முடிந்தாலா? மறுபடி மெயில், மறுபடி அதே ‘வுட்’. ஒரே தேதிக்காக மெயில் மேல் மெயிலாக நீண்டுகொண்டே போனது.

காரணங்களை வரிசையாகப் பாருங்கள்.

‘வுட்’ என்றால் ‘வில்’லின் மரியாதை வடிவம் என்று எண்ணுவது முதல் காரணம். “வுட் யூ லைக் சம் டீ?” என்ற கேள்வியில் மரியாதை இருப்பது உண்மைதான். அதை அப்படியே தேதி சொல்லும் வாக்கியத்துக்குத் தூக்கி வந்தால் மரியாதை கூடாது, உறுதிதான் குறையும். சோதனை: வாக்கியத்தின் கடைசியில் “இஃப்” என்று எழுதி, அதற்குப் பின்னால் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். எழுத ஒன்றுமில்லை என்றால் ‘வுட்’டை எடுத்துவிடுங்கள்.

அடுத்த காரணம் கொஞ்சம் சங்கடமானது. அனுப்பும் ஆளுக்கே தேதி நிச்சயமாகத் தெரியாது. சூப்பர்வைசர் “பார்க்கலாம் சார்” என்று சொல்லியிருப்பார், அந்தப் “பார்க்கலாம்” மெயிலில் ‘வுட்’ ஆகிவிடுகிறது. இதற்கு இலக்கணத்தில் வைத்தியம் கிடையாது. ஷாப் ஃப்ளோருக்குப் போன் போட்டுக் கேட்க வேண்டும். கேட்ட பிறகு, கிடைத்த பதிலுக்கு ஏற்ற வடிவத்தை எடுங்கள். கண்டெய்னர் புக் ஆகிவிட்டது என்றால் “வி ஆர் டிஸ்பாச்சிங் த கூட்ஸ் ஆன் ஃப்ரைடே.” புக் ஆகவில்லை, ஆனால் வாக்குக் கொடுக்கத் தயார் என்றால் “வி வில் டிஸ்பாச் த கூட்ஸ் பை ஃப்ரைடே.” வாக்குக் கொடுக்க முடியாது, பெரும்பாலும் நடந்துவிடும் என்றால் “வி எக்ஸ்பெக்ட் டு டிஸ்பாச் ஆன் ஃப்ரைடே.” இந்தக் கடைசி வாக்கியத்தை எழுத நம் ஆட்கள் கூச்சப்படுகிறார்கள். பையருக்கு அதுதான் ‘வுட்’டைவிட உபயோகமானது. நிச்சயமில்லை என்பதாவது அவருக்கு நிச்சயமாகத் தெரியும்.

மூன்றாவது, பழைய மெயிலைக் காப்பி எடுப்பது. ஆபீஸில் யாரோ எப்போதோ எழுதிய ‘வுட் பி’ டெம்ப்ளேட்டாகிப் பத்துப் பேர் கணினியில் உட்கார்ந்திருக்கும். ஒருவர் திருந்தினால் போதாது, டெம்ப்ளேட்டையே திறந்து மாற்ற வேண்டும். சரிசெய்யச் சிரமம் அதிகம் உள்ளது இதுதான். மேனேஜர் ஒப்புக்கொள்ளாமல் நடக்காது.

‘வுட்’ சரியாக வரும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எல்லாவற்றையும் அழித்துவிடுவீர்கள். முன்பு சொன்னதை இப்போது திருப்பிச் சொல்லும்போது வரும்: “யூ செட் யூ வுட் செண்ட் த பேமென்ட் ஆன் மன்டே.” இது சரியான வாக்கியம், தேவையான வாக்கியமும்கூட.

இதே மெயில்களில் ஒட்டிக்கொண்டு வரும் இன்னொரு பூச்சி: ‘பை’ போட வேண்டிய இடத்தில் ‘டில்’. “வி வில் செண்ட் த சாம்பிள்ஸ் டில் ஃப்ரைடே” என்றால் வெள்ளி வரை தினமும் சாம்பிள் அனுப்பிக்கொண்டே இருப்போம் என்று அர்த்தம். வெள்ளிக்குள் என்பதற்கு ‘பை’. அதற்குள் முடிந்தே போயிருக்கும் என்று அழுத்திச் சொல்ல “வி வில் ஹேவ் டிஸ்பாச்ட் எவ்ரிதிங் பை ஃப்ரைடே” என்றும் எழுதலாம். ஆனால் அப்படி எழுதிவிட்டுச் சனிக்கிழமை லாரி ஏற்றினால் தப்பிக்க இடமில்லை.

அபராதம், எல்.சி. (பணத்துக்கு வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம்) தேதி, ஆர்டர் ரத்து என்று பேச்சு போய்விட்டால் நீங்களாகத் திருத்திய ஆங்கிலத்தில் பதில் போடாதீர்கள். மெயில் முழுவதையும் கம்பெனியின் டாக்குமென்டேஷன் ஆளிடமோ வக்கீலிடமோ காட்டிவிட்டு அனுப்புங்கள்.

கோளாறு 3: ஒரே வாக்கியத்தில் இரண்டு ‘வில்’

“வென் த டாக்டர் வில் கம், ஐ வில் டெல் யூ.” வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வேலூருக்கு வைத்தியத்துக்கு வருகிற குடும்பங்களிடம் சிஸ்டர்கள் நாள் முழுக்கச் சொல்லும் வாக்கியம். உண்மையைச் சொன்னால் இதனால் யாருக்கும் அர்த்தம் மாறிப்போவதில்லை. வார்டில் இதற்காகக் கவலைப்பட வேண்டாம். ஆனால் வெளிநாட்டு வேலைக்குக் கேட்கும் ஓஇடி, ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வுகளை எழுதப் போகிறீர்கள் என்றால் இதே தப்பு திரும்பத் திரும்ப வந்து மார்க்கைத் தின்னும்.

வைத்தியம்: ‘வென்’, ‘இஃப்’, ‘அன்டில்’, ‘பிஃபோர்’, ‘ஆஃப்டர்’, ‘ஆஸ் சூன் ஆஸ்’, ‘அன்லெஸ்’ இவற்றுக்குப் பின்னால் இருக்கும் ‘வில்’லை எடுத்துவிடுங்கள். “வென் த டாக்டர் கம்ஸ், ஐ’ல் டெல் யூ.”

எடுத்த பிறகு சிலருக்குப் புதுக் கோளாறு வரும். “ஐ டோன்ட் நோ வென் ஹி கம்ஸ்” என்று எல்லா இடத்திலும் வெட்டிவிடுவார்கள். தமிழில் வைத்துச் சோதியுங்கள். “டாக்டர் வந்ததும்”, “வந்தால்” என்று வந்தால் ‘வில்’ வேண்டாம். “எப்போது வருவார் என்று தெரியாது” என்று வந்தால் ‘வில்’ இருக்க வேண்டும்: “ஐ டோன்ட் நோ வென் ஹி வில் கம்.” இந்த ஒரு சோதனை இதுவரை என்னைக் கைவிட்டதில்லை.

“இஃப் யூ வில் ஜஸ்ட் சைன் ஹியர்” என்று வெளிநாட்டுக்காரர் சொல்லக் கேட்டு, “நீங்கள் சொன்னது தப்பு” என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. அங்கே ‘வில்’ தயவுசெய்து என்ற கேட்பு, எதிர்காலம் அல்ல. தேர்வு முடியும் வரை அதை மறந்துவிடுங்கள்.

கோளாறு 4: தினமும் நடப்பதைச் சொன்னால், “எப்போதிலிருந்து?” என்று கேட்கிறார்கள்

“மை ஃபாதர் வில் கெட் அப் அட் ஃபைவ் டெய்லி.” கேட்பவர், அப்பா நாளை முதல் ஏதோ சபதம் எடுத்திருக்கிறார் என்று நினைக்கிறார்.

காரணம் ஒன்றே ஒன்று. நாம் “அப்பா தினமும் அஞ்சு மணிக்கு எழுந்திருப்பார்” என்று பழக்கத்துக்கும் எதிர்கால வடிவத்தையே போடுகிறோம். “வழக்கமாக” என்ற சொல் உள்ளே பொருந்தினால் ‘வில்’லை விட்டுவிடுங்கள்: “மை ஃபாதர் கெட்ஸ் அப் அட் ஃபைவ்.”

வீட்டுக் கதையில் இது சிரிப்போடு போய்விடும். டியூட்டி மாறும்போது போகாது. “ஷி வில் டேக் த டேப்லட் ஆஃப்டர் ஃபுட்” என்று ஹேண்ட்ஓவரில் சொன்னால், அந்த அம்மா வழக்கமாகச் சாப்பாட்டுக்குப் பின் மாத்திரை போடுகிறவரா, இன்றைய மாத்திரை இன்னும் பாக்கியா? இரண்டும் வெவ்வேறு. முதலாவது “ஷி டேக்ஸ் இட் ஆஃப்டர் ஃபுட்.” இரண்டாவது “ஷி ஹேஸ்ன்ட் டேக்கன் இட் யெட்.” இரண்டாவதில் எதிர்காலமே வேண்டாம் என்பதைக் கவனியுங்கள். கேட்கிற பக்கத்தில் நீங்கள் இருந்து சந்தேகம் வந்தால், இலக்கணத்தை வைத்து யூகிக்காதீர்கள். சார்ட்டைப் பாருங்கள், இன்சார்ஜ் சிஸ்டரைக் கேளுங்கள்.

கோளாறு 5: மழைக்கும் ரயிலுக்கும் தப்பான வடிவம்

“இட் இஸ் ரெயினிங் டுமாரோ” என்று சொன்னால் விசித்திரமாக இருக்கும். மழையோடு யாரும் அப்பாயின்ட்மென்ட் போட முடியாது. கண்ணுக்கு அறிகுறி தெரிந்தால், கோட்டைக்குப் பின்னால் கருக்கல் கூடியிருந்தால், “இட்’ஸ் கோயிங் டு ரெயின்.” வெறும் அபிப்பிராயம் என்றால் “ஐ திங்க் இட் வில் ரெயின்.” கத்திரி வெயிலில் வேலூரில் நின்றுகொண்டு எந்த வடிவத்தில் சொன்னாலும் வரப்போவதில்லை, அது வேறு விஷயம்.

அட்டவணையில் அச்சடித்திருப்பதற்கு வெறும் நிகழ்காலம்: “த ட்ரெயின் லீவ்ஸ் காட்பாடி அட் சிக்ஸ்.” அந்த வண்டியில் போவது நீங்கள் என்றால் “ஐ ஆம் டேக்கிங் த சிக்ஸ் ஓ’க்ளாக் ட்ரெயின்.” ரயிலுக்குச் சரியாக இருக்கிறதே என்று “ஐ கோ டு சென்னை டுமாரோ” என்று சொல்லாதீர்கள். உங்களுக்கு டைம்டேபிள் கிடையாது.

கோளாறு 6: சாதாரணமாகச் சொன்னது, முரட்டுத்தனமாகப் போய்ச் சேர்கிறது

“வி வோன்ட் ஷிப் திஸ் வீக்.” நீங்கள் சொல்ல வந்தது முடியவில்லை என்பது. அவர் படித்தது மாட்டோம் என்பது. ‘வோன்ட்’ மறுப்புக்கும் வரும், “த கார் வோன்ட் ஸ்டார்ட்” என்று வண்டி அடம்பிடிப்பதற்குக்கூட வரும். ஆகவே “வி வோன்ட் பி ஏபிள் டு ஷிப் திஸ் வீக்” என்று எழுதி, காரணத்தை அடுத்த வரியில் போடுங்கள்.

கேள்வியிலும் இதே சிக்கல் உண்டு. மேலதிகாரியிடம் “வில் யூ கம் டு த மீட்டிங்?” என்றால் வரச் சொல்லி வற்புறுத்துவது போலிருக்கும். “வில் யூ பி கமிங் டு த மீட்டிங்?” என்றால் அவர் திட்டத்தைச் சும்மா விசாரிப்பது. நம் ஊரில் ‘வில் பி கமிங்’கை எல்லா இடத்திலும் போடுகிறார்கள் என்று குறை சொல்பவர்கள் உண்டு. இந்த இடத்தில் மட்டும் அந்தப் பழக்கம் நமக்கு லாபம்.

கோளாறு 7: சரியாகச் சொன்னாலும், போனில் எதிராளிக்குப் புரியவில்லை

இலக்கணத்தைத் தொட வேண்டாம், உச்சரிப்பைப் பாருங்கள். “ஐ’ல் கால் யூ” என்பதில் அந்த ‘ல்’ விழுங்கப்பட்டு “ஐ கால் யூ” என்று போகிறது. அந்த ‘ல்’லைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்லுங்கள், அல்லது போனில் மட்டும் ‘ஐ வில்’ என்று முழுதாகச் சொல்லிவிடுங்கள். மொபைலில் ரெக்கார்ட் செய்து கேட்டால் உங்களுக்கே தெரியும். அதற்கும் சரியாகவில்லை என்றால் உச்சரிப்புக்கென்று தனியாக ஒரு ஆசிரியரிடம் போகலாம். இலக்கண வகுப்புக்குக் கட்டும் பணம் இதில் வீண்.

கோளாறு 8: ‘ஷல்’ எங்கே வரும் என்று தெரியவில்லை

“ஐ, வி என்றால் ஷல், மற்றவர்களுக்கு வில்” என்று பள்ளியில் மனப்பாடம் செய்திருப்பீர்கள். 1653இல் ஜான் வாலிஸ் என்ற ஆங்கிலேயர் லத்தீனில் எழுதிய இலக்கணத்திலேயே இருக்கும் விதி அது. இன்றைய பேச்சில் அதைக் கடைப்பிடிக்க வேண்டியதில்லை. பேச்சுக்கு ‘ஷல்’ இரண்டு இடத்தில் போதும்: “ஷல் ஐ ஓப்பன் த விண்டோ?” என்று செய்யட்டுமா எனக் கேட்க, “ஷல் வி ஸ்டார்ட்?” என்று செய்யலாமா எனக் கேட்க. இதில் ‘வில்’ போட்டால்தான் தப்பு. “வில் ஐ ஓப்பன் த விண்டோ?” என்றால் நான் திறப்பேனா என்று ஜோசியம் கேட்பது போலாகும்.

ஒப்பந்தத்தில் வரும் ‘ஷல்’ வேறு ஜாதி. “த செல்லர் ஷல் டெலிவர்” என்றால் விற்பவர் ஒப்படைத்தே ஆக வேண்டும் என்ற கடமை, எதிர்காலம் அல்ல. அந்தச் சொல்லிலேயே குழப்பம் இருக்கிறது என்று அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களின் சிவில் நடைமுறை விதிகளை 2007இல் திருத்தி எழுதியபோது அதைக் கழற்றிவிட்டார்கள். நம் பக்கத்து ஒப்பந்தங்களில் இன்னும் ஏராளமாக இருக்கிறது. டிராஃப்டை டைப் அடிக்கும்போது அழகுக்காக ‘ஷல்’லை ‘வில்’ ஆக்குவதும், ‘வில்’லை ‘மே’ ஆக்குவதும் நடக்கிறது. ‘மே’ என்று மாறினால் கடமை போய் விருப்பம் ஆகிவிடும். ஒப்பந்தத்தில் இந்த மூன்று சொல்லில் எது வந்தாலும் கை வைக்காதீர்கள். இடிப்பதாகத் தோன்றும் வரிகளைப் பென்சிலில் கோடிட்டு வக்கீலிடம் கொடுங்கள், அவர் மாற்றச் சொன்ன வரியை மட்டும் மாற்றி டைப் அடியுங்கள்.